குடிக்காத குடிமகன்

லண்டன் கிங் தெருவில் கிறிஸ்டீஸ் ஒயின் ஏலம் நடக்கிற நாளில் இவரைப் பார்க்கலாம். முன்வரிசையில் உட்கார மாட்டார். அது புதுப்பணக்காரர் செய்கிற வேலை. கடைசி வரிசையில், எதிலும் அக்கறையில்லாதவர் மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். போர்டோ பாட்டில்கள் வந்ததும் இடது புருவம் லேசாக உயரும். அந்தப் புருவத்தின் விலை சில ஆயிரம் பவுண்டு. ஏலக் கம்பெனியின் கமிஷன் தனி.

ஒயினை இவர் நாக்கால் அறிவதில்லை, டார்ச் விளக்கால் அறிவார். ஒயின் பாட்டிலின் கழுத்துவரை நிற்கிறதா, தோளுக்கு இறங்கிவிட்டதா? பழைய ஒயின் என்றால் கொஞ்சம் குறையும்தான். பாதித் தோளுக்கு வந்துவிட்டால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டதென்று முகம் சுளிப்பார். லேபிள் கிழியாமல் இருக்கிறதா, முதல் மரப்பெட்டி உண்டா, இத்தனை காலம் யார் வீட்டு நிலவறையில் படுத்திருந்தது? பெண் பார்க்கப் போகிற மாமியார்கூட இவ்வளவு துருவ மாட்டார்.

துருவுவதற்குக் காரணம் இருக்கிறது. ருடி குர்னியவான் என்பவர் கலிபோர்னியா வீட்டிலேயே ஒயினைக் கலந்து, பழைய லேபிள் ஒட்டி, கோடீஸ்வரர்களின் தலையில் கட்டினார். 2014இல் பத்து வருஷ சிறைத்தண்டனை கிடைத்தது. நம்மவர் அதைக் கேட்டு அலட்டிக்கொள்ளவில்லை. “திறந்து குடித்தால்தானே ஏமாற்றம் தெரியும்?” என்றார். யோசித்துப் பார்த்தால் மறுக்க முடியவில்லை.

1855இல் பாரிஸ் கண்காட்சிக்காக வகுத்த போர்டோ ஒயின் தரப்பட்டியல் இவருக்கு மனப்பாடம். அதில் இரண்டாம் வரிசையில் இருந்த மூட்டோன் ரோத்ஷீல்டை 1973இல் முதல் வரிசைக்கு உயர்த்தியதைப் பற்றிக் கேட்டால், தன்னைக் கேட்காமல் செய்துவிட்டார்கள் என்கிற தோரணையில் பேசுவார். அந்த வருஷத்து ஒயின் சுமார்தான். ஆனால் லேபிளில் பிக்காசோ ஓவியம்! “பிக்காசோவை யாராவது குடிப்பார்களா?”

இவர் கண்கலங்கிச் சொல்லும் சோகக்கதை ஒன்றுதான். 1985இல் இதே கிறிஸ்டீஸ் ஏலத்தில், அமெரிக்க ஜனாதிபதி ஜெஃபர்சனுடையது என்று சொல்லப்பட்ட 1787ஆம் வருஷத்து லஃபீட் பாட்டில் ஒன்றை ஃபோர்ப்ஸ் குடும்பம் 1,05,000 பவுண்டுக்கு எடுத்தது. காட்சிக்கு நிமிர்த்தி வைத்து விளக்குப் போட்டார்கள். சூட்டில் தக்கை காய்ந்து உள்ளே விழுந்துவிட்டது. அது ஜெஃபர்சனுடையதே இல்லை என்று பிற்பாடு கிளம்பிய சண்டை இவருக்குப் பொருட்டில்லை. “படுக்கவைக்க வேண்டியதை நிற்கவைத்தார்களே, பாவிகள்!”

வீட்டிலே 1982ஆம் வருஷத்து லஃபீட் ஒரு பெட்டி இருக்கிறது. முதலில் மனைவி கேட்டபோது, “இன்னும் துவர்ப்பு அடங்கவில்லை” என்றார். பத்து வருஷம் கழித்துக் கேட்டதற்கும் அதே பதில். போன கிறிஸ்துமஸுக்குக் கேட்டபோது, “இப்போது திறந்தால் எவ்வளவு நஷ்டம் தெரியுமா?” என்று கணக்குக் காட்டினார். எந்த வருஷம் துவர்ப்பு அடங்கிற்று என்று அந்த அம்மாளுக்குத் தகவல் இல்லை. விருந்தாளிகளுக்கு சூப்பர்மார்க்கெட் ஒயின்தான்.

ஒரே ஒரு ஆசை பாக்கி. காலமான பிறகு தன் நிலவறை மொத்தமும் தனிப்பட்டியலாக ஏலத்துக்கு வர வேண்டும். அட்டைக்குப் படம் எடுத்தாயிற்று, முன்னுரையையும் அவரே எழுதியாயிற்று. துக்கத்துக்கு வருகிறவர்களுக்கு என்ன ஊற்ற வேண்டும் என்றும் உயிலில் இருக்கிறது: சிலி நாட்டு ஒயின், அதுவும் தள்ளுபடியில் கிடைத்தால்.