ஒட்டுத்துணி விரிப்பும் இரண்டு சம்பந்திகளும்

கைக்குழந்தைக்கான ஒட்டுத்துணி விரிப்புக்கு மூன்று அடுக்கு: மேலே துண்டுகளை இணைத்த துணி, நடுவில் பழஞ்சேலை, அடியில் பழைய வேட்டி. இதன் உறவுக்காரர்களான வங்காளத்துக் காந்தாவும் வடகர்நாடகக் கவுதியும் கண்காட்சிவரை போய்விட்டன. தருமபுரி மாவட்டத்தின் இந்த விரிப்போ நேரே குழந்தைக்கு அடியில் போய் நனையத்தான் போகிறது.

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது என்பது வழக்கம். பலமுறை துவைத்த பருத்தி உறுத்தாது, ஈரத்தையும் உறிஞ்சும் என்பதால் வழக்கத்தில் நியாயமும் இருக்கிறது. ஆகவே காசுச் செலவில்லை, செலவெல்லாம் பேச்சில்தான்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் துணியும் அங்கேதான் சேரும். பென்னாகரத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா கொடுத்தனுப்பும் சேலை நடு அடுக்கில் மறைந்துவிடக் கூடாது. பாலக்கோட்டில் பெண்ணைப் பெற்றவளின் சேலையும் குறைவாகத் தெரியக் கூடாது. இதற்கு ஒரே வழி, சதுரங்கக் கட்டம்போல மாற்றி மாற்றி வைப்பது. வரிசைக்கு 8 வீதம் 64 துண்டு, ஆளுக்கு 32. வரிசைக்கு 9 என்று வைத்தால் 81 ஆகி ஒரு தரப்புக்கு ஒரு கட்டம் கூடிவிடும். அந்த ஒரு கட்டம் காதுகுத்துவரை பேசப்படும்.

தாம்பூலத்தோடு வரும் ஜாக்கெட் பிட்டுகளைத் தொடாமலிருப்பது உத்தமம். அவற்றில் பல அடுத்த விசேஷத்துக்குப் புறப்படக் காத்திருப்பவை. பாலியஸ்டர் கலந்திருந்தால் ஈரத்தை உறிஞ்சாமல் குழந்தைக்கே திருப்பிக் கொடுக்கும். திருப்பூரில் வேலை பார்ப்பவர்கள் கொண்டுவரும் பனியன் வெட்டுத்துணி மிருதுதான், ஆனால் இழுபடும். சேலைத் துணியோடு சேர்த்தால் ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் தொங்கும்.

துணிகளை முதலில் துவைத்து, சாயம் விடுவதை ஒதுக்கிவிட வேண்டும். பிறகு 5 அங்குலச் சதுரங்களாக வெட்டி, ஓரத்தில் கால் அங்குலம் விட்டு இணைத்தால் விரிப்பு 36 அங்குலம் வரும். 40 வந்திருக்க வேண்டுமே என்று தேடுபவர்களுக்கு: மீதி 4 அங்குலம் தையலுக்குள் இருக்கிறது. மூன்று அடுக்கையும் நூலோட்டிப் பிடித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தைத்தால் சுருக்கம் வெளியேறிவிடும். கடைசியில் சுற்றிலும் பட்டி. பொத்தான், ஊக்கு, லேஸ் எதுவும் வேண்டாம். எடுத்த ஊசிகளின் எண்ணிக்கையும் திரும்பி வந்தவற்றின் எண்ணிக்கையும் ஒத்துப்போன பிறகே குழந்தைக்கு அருகில் கொண்டுபோகலாம்.

இந்த விரிப்பு குழந்தை விழித்து விளையாடும்போது கீழே விரிப்பதற்கு. மார்கழிக் குளிரென்றாலும் ஒரு வயதுக்குள் தூங்கும் குழந்தைக்கு மேலே தளர்வாகப் போர்த்தக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்வது. பாட்டிகள் இதை ஒப்புக்கொள்வதில்லை.

நடுவில் நாலைந்து சேலை மடித்து வைப்பது பாசமாகத் தோன்றும். நனைந்த பிறகு பிழிய இரண்டு ஆள் வேண்டும், ஐப்பசி மழையில் காயவும் காயாது. ஒரு சேலையோடு நிறுத்திக்கொண்டால் சீக்கிரம் காயும். அப்படியும் காயும்வரை மாற்றுக்கு இன்னொன்று தேவைப்படும். அதை மீந்த துண்டுகளிலேயே தைத்துவிடலாம். யார் சேலை எத்தனை கட்டம் என்று அதில் யாரும் எண்ணுவதில்லை.