பிளேடுக்குத் தாடையோடு வேலை முடிந்தது!

கேள்வி: அப்பாவுக்குக் கால் ஆணி. வயலிலிருந்து வந்ததும் பிளேடால் தானே சீவிக்கொள்கிறார். சர்க்கரையும் இருக்கிறது. பாதத்துக்கென்று டாக்டர் உண்டா?
– வாசகி, சின்னமனூர்.

பதில்: முதலில் பிளேடைப் பிடுங்குங்கள், அதற்குத் தாடை மட்டும் போதும்! செருப்போ எலும்போ ஒரே இடத்தில் அழுத்தினால் தோல் தடித்து உள்ளே இறங்கும், அதுதான் ஆணி. அழுத்தம் போகாதவரை சீவச் சீவ முளைக்கும். கார்ன் பிளாஸ்டரும் வேண்டாம். அதிலுள்ள சாலிசிலிக் அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும்.

வெளிநாடுகளில் பாதத்துக்கென்றே 'போடியாட்ரிஸ்ட்' இருக்கிறார். இங்கே சர்க்கரை, தோல், எலும்பு டாக்டர்கள் அந்த வேலையைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். க.விலக்கு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். மெல்லிய நைலான் இழையை, அது வளையும்வரை பாதத்தில் அழுத்தி, "தெரியுதா?" என்று கேட்பார்கள். தெரியவில்லை என்றால் நெருஞ்சி குத்தினாலும் தெரியாது. அத்தகைய கால்களுக்குத்தான் எம்.சி.ஆர். செருப்பு. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மரத்த பாதங்களுக்காகப் பாடுபட்டதில் பிறந்த மெத்தென்ற ரப்பர் அது. இன்று சர்க்கரைக்காரர்களையும் காக்கிறது.

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நடவு செய்பவருக்குச் சேற்றுப்புண்ணும் வரும். கரையேறியதும் விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைக்கச் சொல்லுங்கள். கொப்புளமோ கருப்போ தெரிந்தால், "அறுப்பு முடியட்டும்" என்பார் அப்பா. கேட்காதீர்கள்; அன்றைக்கே பஸ் ஏற்றுங்கள்.