தீக்குப் படிக்கத் தெரியாது

அனுப்புநர்: மூணாற்றுத் தமிழன் ஒருவன் (ஓட்டு கேரளத்தில், சொந்தபந்தம் போடியில்).

பெறுநர்: கேரள சுற்றுலாத் துறை, திருவனந்தபுரம், தமிழ்நாடு வனத்துறை, சென்னை.

பொருள்: மலையில் கூடாரம் போட வரும் பிள்ளைகளை உயிரோடு வீட்டுக்குத் திருப்பி அனுப்புதல் தொடர்பாக.

பார்வை: 2007, 2018, 2021, 2022 ஆகிய ஆண்டுகளின் இரங்கல் செய்திகள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

இரண்டு மாநில அலுவலகங்களுக்கும் ஒரே கடிதம் எழுதியதற்குப் பொறுத்தருள வேண்டும். நீங்கள் சேர்ந்து படித்த காகிதம் அதிகம் இருப்பதாக எங்கள் ஊரில் யாரும் சொன்னதில்லை. இதிலிருந்தாவது தொடங்கட்டும் என்றுதான்.

சூரியநெல்லிக்கு ஒரு சனிக்கிழமை இரவு வந்து பாருங்கள். கோவை, திருப்பூர், கொச்சி, பெங்களூர் என்று எல்லா ஊர்க் கல்லூரிப் பிள்ளைகளும் இருப்பார்கள். விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கொழுக்குமலைக்கு ஏறத் தொடங்கிவிடும். கேம்ப் ஃபயர் உண்டு, பார்பிக்யூ உண்டு, பாட்டு உண்டு என்று விளம்பரத்தில் போட்டிருக்கும். காலையில் தலை எண்ணும் ஆள் உண்டா என்பது மட்டும் எந்த விளம்பரத்திலும் இருக்காது. கேட்பாரும் இல்லை.

கொழுக்குமலையின் நிலவரம் உங்களுக்குத் தெரியாததல்ல. இடம் தமிழ்நாடு, தேனி மாவட்டம். ஏழாயிரம் அடிக்கு மேல் தேயிலை. ஆனால் ஜீப் ஏறும் வழியோ கேரளத்துச் சூரியநெல்லி. தமிழ்நாட்டுப் பக்கம் குரங்கணிக்கு இறங்கக் காலை நம்ப வேண்டியதுதான். ஆகவே அங்கே ஒரு பிள்ளை கால் முறிந்து விழுந்தால், அது விழுந்தது தமிழ்நாட்டில், தூக்கிப்போக வேண்டியது கேரளம் வழியாக. முதலில் யாருக்குப் போன் செய்வது என்பதை எந்தப் பலகையிலும் நான் பார்த்ததில்லை. எல்லை எது என்று காட்டும் பலகைகளுக்குக் குறைவில்லை.

பாதுகாப்புக்காக நீங்கள் செய்திருப்பவற்றில் எனக்கு மிகுந்த மரியாதை ரசீதுப் புத்தகத்தின் மீதுதான். 2018 மார்ச்சில் மகளிர் தினத்தை ஒட்டி சென்னையிலிருந்து ஒரு குழு வந்தது. பெரும்பாலும் வேலைக்குப் போகும் இளம்பெண்கள். குரங்கணியிலிருந்து ஏறி, கொழுக்குமலையில் இரவு தங்கினார்கள். மறுநாள், 11ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, இறங்கும் வழியில் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துக் குழு ஒன்றும் அதே சரிவில் இருந்தது. பகலில் தீ வந்தது. மொத்தம் 23 பேரைப் பறிகொடுத்தோம். அதன்பிறகு நமக்குச் சொல்லப்பட்டது என்னவென்றால், சோதனைச்சாவடியில் பணம் கட்டி வாங்கிய ரசீது டாப் ஸ்டேஷன் பாதைக்கு உரியது, இவர்கள் போனதோ கொழுக்குமலைப் பாதை. மறுக்கவில்லை, ரசீதில் அப்படித்தான் இருந்திருக்கும். குறை தீயின் மேல்தான். அதற்குப் படிக்கத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் பாதை எண்ணைச் சரிபார்த்துவிட்டு டாப் ஸ்டேஷனுக்குப் போய்க் காத்திருந்திருக்கும்.

தீக்கு வேறு சில விஷயங்கள் தெரியும். காய்ந்த புல் எங்கே இடுப்பளவு நிற்கிறது என்று தெரியும். சரிவு பத்து பாகை கூடினால் மேலேறும் வேகத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கத் தெரியும். மலையடிவாரத்துக்காரர்களுக்கும் இதெல்லாம் தெரியும். தீக்கு மேலே ஓடாதே, முன்பே எரிந்து கருகிய இடம் இருந்தால் அதில் போய் நில் என்பார்கள். இந்த இரண்டு வாக்கியத்தையும் ரசீதின் பின்பக்கம் அச்சடித்திருக்கலாம். பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது?

அடுத்து உங்கள் வேகத்தைப் பாராட்ட வேண்டும். சாவு விழுந்த பின் நீங்கள் காட்டும் வேகத்தைச் சொல்கிறேன். குரங்கணிக்குப் பிறகு ஒரு வனச்சரகர் இடைநீக்கம், அதுல்ய மிஸ்ரா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி தலைமையில் விசாரணை, மலையேற்றத்துக்குப் புது விதிகள். 2021 ஜனவரியில் மேப்பாடியில் கூடாரத்தில் தங்க வந்த ஓர் ஆசிரியையை யானை கொன்றது; அதற்குப் பிறகுதான் வயநாட்டில் எத்தனை கூடாரங்களுக்கு அனுமதியே இல்லை என்ற ஞானம் பிறந்தது. 2007 பிப்ரவரியில் தட்டேக்காட்டில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு மூழ்கி 15 பள்ளிப் பிள்ளைகளும் 3 ஆசிரியர்களும் போனார்கள். அதன்பின் படகுகளைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். இங்கே ஒவ்வொரு விதியையும் பிறப்பித்திருப்பது ஒரு மரணச் சான்றிதழ்.

விதி முன்கூட்டியே இருந்தால் மட்டும் என்ன ஆகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வடக்கஞ்சேரியைப் பாருங்கள். இரவு 9 மணிக்கு மேல் பள்ளிச் சுற்றுலா வண்டி ஓடக்கூடாது என்ற கல்வித் துறை உத்தரவு முன்பே இருந்தது. 2022 அக்டோபர் 5ஆம் தேதி மாலை ஊட்டிக்குப் பிள்ளைகளோடு கிளம்பிய பஸ், நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் மணிக்கு 97 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, கேரள அரசு பஸ்ஸின் பின்னால் மோதியது. ஒன்பது பேர் செத்தார்கள். அதில் ஐந்து பேர் மாணவர்கள். மாலையில் கொச்சிப் பக்கமிருந்து கிளம்பும் வண்டி ஒன்பது மணிக்குள் ஊட்டி போய்ச்சேராது என்பதைக் கணக்குப் போட ஐந்தாம் வகுப்புப் பாஸ் போதும். கிளம்பும் இடத்தில் அந்தக் கணக்கைப் போட யாரும் நிறுத்தப்படவில்லை.

இரு மாநில வனத்துறையும் முழு மூச்சோடு ஈடுபட்ட மலைப்பயணம் ஒன்று உண்டென்றால் அது அரிக்கொம்பன் என்ற காட்டு யானையுடையதுதான். 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் கேரளம் பிடித்தது. பெரியாறு காட்டில் விட்டது. மே மாதம் அவர் கம்பத்துக்கு வந்தார். ஜூனில் தமிழ்நாடு பிடித்து களக்காடு முண்டந்துறைக்கு அனுப்பியது. கழுத்தில் ரேடியோ பட்டை, எந்நேரமும் எங்கே நிற்கிறார் என்ற தகவல், கூடவே மருத்துவர்கள். அதே சின்னக்கானல் பஞ்சாயத்தில் கூடாரம் போடும் நாற்பது பிள்ளைகளுக்கு அதில் பாதி கிடைத்தால் போதும்.

இப்போது உறுதிமொழிப் படிவத்துக்கு வருகிறேன். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை என்றால் அப்பா கையெழுத்துப் போட வேண்டும்: எது நடந்தாலும் முழுப் பொறுப்பும் நானே. திருப்பூரில் பனியன் கம்பெனியில் நிற்கிற அந்த மனிதருக்கு ‘எது’ என்பதில் என்னென்ன அடங்கும் என்று யார் சொன்னார்கள்? ஜனவரி இரவில் மூணாற்றில் உறைபனி விழும் என்று தெரியுமா? குளிருக்காகக் கரியடுப்பைக் கூடாரத்துக்குள் இழுத்து வைத்துக்கொண்டு தூங்கினால் வாசனையில்லாத நச்சு வாயுவில் ஆள் எழுந்திருக்கவே மாட்டான் என்று தெரியுமா? தெரிந்தவர் பொறுப்பேற்காமல், தெரியாதவரிடம் கையெழுத்து வாங்குவதை வேறு எந்தத் தொழிலில் பார்த்தாலும் 420 என்றிருப்போம்.

ஆகவே படிவத்தைத் திருப்பிப் போட வேண்டுகிறேன். அழைத்துப் போகிறவர் எழுதித் தரட்டும். இந்தப் பாதையில் கடைசியாக என்றைக்கு நடந்தார்? புல் காய்ந்திருந்ததா? உச்சி கண்ணில் பட்டாலும் எத்தனை மணிக்குத் திரும்பிவிடுவார்? முன்னால் யார், கடைசியில் யார், நடுவில் வழிதவறுகிறவனை எண்ணுவது யார்? போனில் டவர் கிடைக்கும் பாறை எது? ஸ்ட்ரெச்சர் எந்தப் பக்கம் இறங்கும், போடிக்கா மூணாற்றுக்கா? இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகப் பார்த்துத் தீ எச்சரிக்கை அனுப்புகிறதே, அதற்குப் பெயர் பதிந்திருக்கிறாரா? இவற்றில் இரண்டுக்குப் பதில் இல்லாதவர் பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப் போகலாம்.

குறை சொல்ல வந்தவன் நல்லதையும் சொல்ல வேண்டும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 பாதைகளை அறிவித்து, இணையத்தில் முன்பதிவு வைத்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளையும் அமர்த்தியது. தீக்காலத்தில் பாதைகளை மூடவும் செய்தது. குரங்கணி – சாம்பலாறு பாதையும் அந்தப் பட்டியலில் உண்டு. இது உருப்படியான வேலை. கஷ்டம் என்னவென்றால், தனியார் எஸ்டேட்டில் போடும் கூடாரம் அந்தப் பட்டியலுக்குள் வராது, பிள்ளைகள் அதிகம் தங்குவது அங்கேதான்.

2018இல் முதலில் மேலே ஏறியவர்கள் குரங்கணி ஊர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும்தான். ஹெலிகாப்டர் பிறகு வந்தது. போர்வையில் தூக்கினார்கள், தோளில் சுமந்தார்கள். அவர்களுக்கு இரண்டு ஸ்ட்ரெச்சர், தீக்காய முதலுதவிப் பயிற்சி, ஒரு வாக்கிடாக்கி கொடுத்து வையுங்கள் என்றால் எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது என்று தெரியாமல் நீங்கள் திணறுவீர்கள். நினைவஞ்சலி மலர்வளையம் எந்தத் தலைப்பில் வருகிறதோ, அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு சீமைச் செய்தி. 1993 மார்ச்சில் இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில், சாகச மையம் ஒன்று கயாக் படகில் கூட்டிப்போன பள்ளிப் பிள்ளைகளில் நான்கு பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே அந்த மையத்தின் பயிற்றுநர்கள் இருவர், பாதுகாப்பு போதாது என்று நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதம் கோர்ட்டுக்கு வந்தது. கம்பெனி குற்றவாளி ஆனது, அதன் நிர்வாக இயக்குநர் ஜெயிலுக்குப் போனார். 1995இல் சிறுவர் சாகச மையங்களுக்கு உரிமம் கட்டாயம் என்று சட்டமே வந்தது.

ஆகவே இந்த மனுவுக்குப் பதில் எழுதிச் சிரமப்பட வேண்டாம். தேதியும் முத்திரையும் போட்டு ஒப்புகை மட்டும் தந்தால் போதும். இரண்டு அலுவலகத்து முத்திரையும் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் மற்றவர் ‘எங்களுக்கு வரவில்லை’ என்பார்.

இப்படிக்கு,
மூணாற்றுத் தமிழன்

நகல்: திருப்பூர், ஈரோடு, சென்னை, கொச்சியில் அடுத்த சனிக்கிழமைக்காகக் கையெழுத்துப் போடவிருக்கும் அப்பா அம்மாக்களுக்கு.