கூடாரம் போட இடம் கேட்ட மாப்ளைக்கு

மாப்ள, செண்பகத்தோப்புப் பக்கம் ஆத்தோரமா, காசு கேக்காத, மனுச நடமாட்டம் இல்லாத எடமாப் பாத்து வைக்கச் சொன்னியே, ரொம்பச் சந்தோசம். இலவம்பஞ்சு மெத்தையில படுத்தாலே முதுகு புடிக்குதுன்னு முனகுற பிள்ள, பாறையில படுக்க ஆசப்பட்டு லீவு போட்டுட்டு வருது. வரட்டும்.

அமெரிக்காவுல ஓரிகன், நெவாடாப் பக்கமெல்லாம் இப்படித்தான்னு நீ சொன்ன. வறண்ட மேட்டுப் பாலை, நடுவுல ஏரியும் ஆறும். சர்க்கார் நெலத்துல வண்டிய ஓரங்கட்டிட்டுப் படுத்துக்கலாம்; பல எடத்துல 28 நாளைக்குள்ள 14 நாள் வரைக்கும் காசு கெடையாது; தண்ணிக்கு 200 அடி தள்ளிக் கூடாரம் அடிக்கணும்; குப்பையக் கையோட எடுத்துட்டுப் போயிரணும். நல்ல ஏற்பாடுதான். அங்க நெலம் அம்புட்டு கெடக்கு, ஆளு இல்ல. இங்க நீ ஆளில்லன்னு நெனக்கிற எடத்துல யார் யாரு இருக்காகன்னு சொல்றேன், கேட்டுக்க.

செண்பகத்தோப்புல மொதக் குடி சாம்பல் அணில். 1988லயே அதுக்குன்னு சரணாலயம் எழுதிக் குடுத்தாச்சு. கிளையும் கிளையும் முட்டிக்கிற ஒசரத்துல, எலையும் குச்சியும் வச்சுத் தானே கூடு கட்டிப் படுத்துக்கிது. அந்தக் காட்டுல வாடகையில்லாம ராத்தங்க உரிம அதுக்குத்தான். 2021 பிப்ரவரியில மேகமலையையும் சேத்து, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல புலிகள் காப்பகமாவும் ஆக்கிட்டாக. தமிழ்நாட்டுல அது அஞ்சாவது. அனுமதியில்லாம உள்ள காலெடுத்து வச்சாலே வழக்கு. தப்பித்தவறிக் கூடாரம் போட்டுட்டன்னு வையி, வனத்துறைக்காரரு வந்தா ரசீதாவது குடுப்பாரு. யானை ரசீது குடுக்காது. அடிவாரத்து மாந்தோப்புல பழம் எப்பப் பழுக்கும்னு குத்தகைக்காரனுக்கு முன்னாடியே அதுக்குத் தெரியும். நீ பையில கொண்டு வர்ற வாழப்பழமா தெரியாமப் போகும்?

சரி, காட்ட விடு, அய்யனார் கோவில் ஆத்துல மணல்ல படுத்துக்கிறோம்னு சொல்லுவ. ஆனா, ராசபாளையத்துக்காரன் குடிக்கிற ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துத் தண்ணி அந்தப் பக்கத்து மலையிலேருந்து வர்றதுதான், அதனால நீ காலையில பல்லு வெளக்குறத ஊரே உன்னிப்பாப் பாக்கும். தவிர, நம்ம பக்கத்து ஓடைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கீழ வானம் வெள்ளையாக் கெடக்கும், நட்சத்திரம் எண்ணிக்கிட்டு நீ படுத்திருப்ப. மேல மலையில கொட்டுன மழை காமணியில காட்டாறா எறங்கிரும். இத மட்டும் நான் கேலியாச் சொல்லல. 2015 மே மாசம் சதுரகிரியில சாமி கும்பிடப் போன சனம் இப்படித்தான் வெள்ளத்துல மாட்டுச்சு, உசுரும் போச்சு. தண்ணி மட்டுமில்ல, 2018 மார்ச்சுல, போடிக்கு மேல குரங்கணியில காட்டுத்தீ 23 பேரக் கொண்டு போச்சு. கோடைப்புல் காஞ்சு கெடக்கையில மலையேறப் போன பிள்ளைக. அதுக்கு அப்புறந்தான் மலையேத்தத்துக்குச் சட்டதிட்டமே கடுசாச்சு. இப்ப சர்க்காரே 40 பாதை தெறந்துவிட்டுருக்கு, 2024 அக்டோபர்லேருந்து. காசு கட்டுனா வழிகாட்டி கூட வருவான். ஓசியில போனா யாரு கூட வருவான்னு சொல்ல முடியாது.

அப்பக் கண்மாக்கரை? ஆகா, அருமையான எடம். நீ போட்டோவுல காட்டுனியே, ஒத்தப் பனை, தண்ணி, அந்தப் பக்கம் மலை, ஒரு ஈ காக்கா இல்லன்னு. சாயங்காலம் இருக்காதுதான். விடியக்காலம் அஞ்சு மணிக்கு ஊர்ல பாதி சொம்போட வரும். தண்ணிக்கு 200 அடி தள்ளிங்கிறது உங்க அமெரிக்கக் கணக்கு. எங்க கணக்கு தண்ணிய ஒட்டித்தான். அதுபோக, தண்ணி நெறஞ்சா மீனு ஏலம் போயிரும். ஏலம் எடுத்தவன் வச்ச காவக்காரன் ராத்திரி பூரா டார்ச்சு அடிச்சுச் சுத்துவான். நாலு வாலிபப் பயக நடுச்சாமத்துல தண்ணி ஓரமாக் குத்த வச்சிருந்தா, நட்சத்திரம் பாக்குறாகன்னு அவன் நம்பணுமே. காத்தடிச்ச மெத்தையக் கொண்டு வராத. சீமைக்கருவேல முள்ளு டிராக்டர் டயரையே விடாது.

இதையெல்லாம் கேட்டுட்டு, வெளியில தங்குறதே இங்க வழக்கமில்ல போலன்னு நெனச்சிராத. உங்க கூடாரக்காரனுக்கெல்லாம் முப்பாட்டன் எங்க கிடைக்காரன். அறுப்பு முடிஞ்ச காட்டுல, ராமநாதபுரத்துச் சீமையிலேருந்து ஆடு ஓட்டிக்கிட்டு வந்து கிடை போடுவான். நெலத்துக்காரன் அவன்கிட்டத் தங்குறதுக்கு வாடகை கேக்க மாட்டான். தங்குனதுக்குக் காசோ தானியமோ நெலத்துக்காரன்தான் குடுக்கணும். புழுக்கையும் மூத்திரமும் விழுந்த காடு அடுத்த வெள்ளாமையில கண்டுமொதல் குடுக்குமே. மாப்ள, ஒரு ஆளு ராத்திரி படுத்து எந்திரிச்சதுக்கு நெலத்துக்காரன் காசு குடுக்குறான்னா, அவன் எம்புட்டு ஒழுங்காப் படுத்திருக்கணும்! நீங்க நாலு பேரு படுத்து எந்திரிச்ச எடத்துல அடுத்த வருசம் என்ன மொளைக்கும்? பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மொளைப்புத்திறன் கெடையாது.

அவன் எடம் புடிக்கிறதப் பாக்கணும். பள்ளத்துல போட மாட்டான். கோடை மழை ஒண்ணு தட்டுனா கரிசல் பசையாப் புடிச்சுக்கும், ஆடு குளம்பத் தூக்காது. வெடிச்ச காட்டுல போட மாட்டான். பொந்துல தேளும் சுருட்டை விரியனும் குடியிருக்கும். காத்து எந்தத் திசையில வருதுன்னு பாத்துத்தான் அடுப்பு மூட்டுவான். எல்லாத்துக்கும் முந்தி, நெலத்துக்காரன் வீட்டு வாசல்ல போயி நின்னு ஒரு வார்த்த கேப்பான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இன்னும் போன்ல ஆப்பு வரலயாக்கும்.

ஆத்துலயே படுத்தாகணும்னு அடம் புடிச்சா அதுக்கும் வழி இருக்கு. ஆடி கடைசி வெள்ளிக்கு வா. இருக்கன்குடியில, வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடுற எடத்துல சீமையே வந்து கெடக்கும். நடந்து வந்தவுக, டிராக்டர்ல வந்தவுக, அடுப்புக் கூட்டிப் பொங்கல் வைக்கிறவுக, கெடா வெட்டுறவுக, வேட்டியத் தலையோட போத்திட்டு மணல்ல உருண்டுட்டவுக. யாரும் காசு கேக்க மாட்டாக. நீ கேட்ட அமைதி மட்டும் இருக்காது. குழாய் ரேடியோவுல அம்மன் பாட்டு விடிய விடியப் போகும். ஆனா ஒருத்தரும் நீ யாருன்னு கேக்காமயே ஒரு எலையில கறிச்சோறு வந்துரும். உங்க நெவாடாவுல அந்த வசதி உண்டான்னு எனக்காக விசாரிச்சுச் சொல்லு.

அம்புட்டு நாளு காத்திருக்க முடியாது, இந்தச் சனிக்கெழமையே வரணும்னா, நம்ம தோப்பு இருக்கு. பஞ்சவர்ண மாமரத்தடியில சமதளமா எடம், பம்புசெட்டுத் தண்ணி, மேற்க பாத்தா மலை. ஒத்தக் காசு வேண்டாம். மும்முனைக் கரண்டு இப்ப ராத்திரி பதினோரு மணிக்கு மேலதான் வருது. தென்னைக்குத் தண்ணி பாயிறப்ப மடை மாத்திவிட நாலு ஆளு வேணும். மம்பட்டி நாலும் காம்பு போட்டு வச்சிருக்கேன். வர்றப்ப புளியமரத்தடிக் கடையில அரைக் கிலோ பால்கோவா வாங்கிட்டு வா, அத்தைக்கு. தோப்பு அவ பேருலதான் இருக்கு.