வெட்டுப்பட்ட வயரும் நீட்டிக்கப்பட்ட வாரண்டியும்: ஓர் உரையியல் ஆய்வு

இரண்டடி எழுதிவிட்டுப் போனவருக்கே பதின்மர் உரை சொன்ன மரபு நம்முடையது. அப்படியிருக்க, லட்சக்கணக்கான கார்களின் டேஷ்போர்டுக்குள் பாலித்தீன் உறைகூடப் பிரிக்கப்படாமல் கிடக்கும் ஒரு நூலுக்கு இன்றுவரை முறையான உரை எழாதது தமிழாய்வுலகின் பெருங்குறை. வாரண்டிப் புத்தகத்தைச் சொல்கிறேன். அதிலும் குறிப்பாக, தனியே பணம் வாங்கிக்கொண்டு பிற்சேர்க்கையாகத் தரப்படும் ‘எக்ஸ்டெண்டட் வாரண்டி’ அதிகாரத்தை. அக்குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் நிதி தரவில்லை, நானும் கேட்கவில்லை.

முதலில் நூலைப் பற்றிச் சில சொல்லவேண்டும். ஆசிரியர் பெயர் தெரியவில்லை. நடை செறிவானது, எழுத்து பொடியானது. முற்பாதி வாக்குறுதி, பிற்பாதி விலக்கு. பிரேக் பேடு, கிளட்ச் பிளேட், வைப்பர், பல்பு முதலியன தேயும் குணமுடையவை என்பதால் விலக்கு. டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைச் செய்த கம்பெனியிடம் போகவேண்டும். உரிய காலத்தில், உரிய இடத்தில் சர்வீஸ் விடாதவருக்கு மொத்த நூலுமே விலக்கு. மாருதி நிறுவனம் 2024 ஜூலையில் தன் அடிப்படை வாரண்டியை 2 ஆண்டு, 40,000 கிலோமீட்டர் என்பதிலிருந்து 3 ஆண்டு, ஒரு லட்சம் கிலோமீட்டர் என்று உயர்த்தியது. முற்பாதி இவ்வாறு வளர்ந்தது. பிற்பாதி இளைத்ததாகத் தகவல் இல்லை.

நம் ஆய்வுக்குரிய நூற்பா பிற்பாதியில் இருக்கிறது. கம்பெனிக்குக் கம்பெனி வாசகம் மாறினாலும் சாரம் ஒன்றே: வண்டியில் மாற்றம் செய்தாலோ, நிறுவனம் ஏற்காத பொருளைப் பொருத்தினாலோ, அதனால் வரும் பழுதுக்கு வாரண்டி கிடையாது. படிக்க எளிது. ஆனால் ஹார்ன் மாற்றியவருக்குப் போவது ஹார்ன் வாரண்டி மட்டுமா, அந்தப் பக்கத்து வயரிங் வாரண்டியுமா, ஏசி கம்ப்ரஸர் வரைக்குமா? இங்கேதான் உரையாசிரியர்கள் பிரிகிறார்கள்.

வாய்மொழியாக வழங்கும் உரைகளில் மூத்தது ஷோரூம் உரை. காசோலை கைமாறும் நாளில், குளிர்பானத்தோடு சொல்லப்படுவது. “பம்பர் டு பம்பர் கவர் சார். நீங்க பெட்ரோல் மட்டும் போட்டா போதும்.” ‘பம்பர் டு பம்பர்’ என்பது நம் நாட்டில் இன்சூரன்ஸ் அதிகாரத்துக்கு உரிய தொடர் என்பதையும், அது இங்கே பிற்காலத்து இடைச்செருகல் என்பதையும் கற்றோர் அறிவர். அன்றைய தினம் கற்றோர் யாரும் அருகில் இருப்பதில்லை.

அடுத்தது ஜி.பி. ரோடு உரை. சென்னையில் புதுக்கார் வாங்கியவர் கோயிலுக்குப் போன கையோடு போகும் இடம் அண்ணா சாலையை ஒட்டிய அந்த வீதி. கடைக்காரர் கேட்காமலே தொடங்குவார்: “வயரே கட் பண்ண மாட்டோம் சார். எல்லாம் கப்ளர் டு கப்ளர். வாரண்டிக்கு ஒண்ணும் ஆகாது.” கம்பெனி வைத்த பிளக்கில் இவர் பிளக்கைச் செருகுவதாகப் பொருள், வேண்டாதபோது உருவிவிடலாம். நல்ல உரைதான். செருக இடமில்லாத பொருளுக்கு மட்டும் மேசையடியிலிருந்து ஒரு கட்டிங் பிளேயரும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பும் வெளியே வரும். ஒருவர் கொடுத்த வாரண்டிக்கு இன்னொருவர் உத்தரவாதம் சொல்வது உலக ஒப்பந்த வரலாற்றில் அரிது. இவ்வீதியில் அது தினசரி நடக்கிறது.

மூன்றாவது சர்வீஸ் சென்டர் உரை, மிகச் சுருக்கமானது. அட்வைசர் பானெட்டைத் தூக்குவார், செல்போன் டார்ச்சை அடிப்பார், ஒரே வரியில் முடிப்பார்: “சார், இது வெளியில போட்டதா?” வினா வடிவில் இருந்தாலும் இது வினா அன்று, தீர்ப்பு. இந்த மூவரையும் தாண்டி, காரை ஒருநாளும் கண்ணால் பாராத நான்காம் உரையாசிரியர் ஒருவர் உண்டு. எக்ஸ்டெண்டட் வாரண்டிக்குப் பின்னால் பெரும்பாலும் ஏதோ ஓர் இன்சூரன்ஸ் நிறுவனம் நிற்கும். அங்கே கிளைம் பார்ப்பவர் இவர். அட்வைசர் எடுத்து அனுப்பிய போட்டோக்களே இவருக்கு மூலபாடம். போட்டோவில் கறுப்பு டேப் தெரிந்தால் மற்ற மூன்று உரைகளும் வழக்கொழிந்துவிடும்.

இனிப் பொருள் பாகுபாடு. மாற்றங்களை நம் முன்னோர் வழியில் அகம், புறம் என இரண்டாகப் பகுக்கலாம். ஊரார் கண்ணுக்குப் படுவது புறம். வண்டியும் உரிமையாளரும் மட்டும் உணர்வது அகம்.

புறத்தில் எளியது சின்னம் மாற்றுதல். கீழ் வேரியண்டான ‘எல்எக்ஸ்ஐ’ வாங்கியவர் டிக்கியில் அந்த எழுத்துகளைப் பெயர்த்துவிட்டு மேல் வேரியண்டின் ‘இசட்எக்ஸ்ஐ’ ஒட்டிக்கொள்வது. இதனால் எந்த எந்திரமும் பழுதாகாது என்பதால் வாரண்டி இதைப் பொருட்படுத்துவதில்லை. ஒரு மாற்றம் எவ்வளவு பொய் சொல்கிறதோ அவ்வளவு பாதுகாப்பானது என்பது இவ்வியலின் முதல் முடிபு.

சக்கரத்தில் சிக்கல் சற்றுக் கூடும். கீழ் வேரியண்டுக்கு 165/80 ஆர்14 டயரும், அதே மாடலின் மேல் வேரியண்டுக்கு 185/65 ஆர்15 டயரும் கம்பெனியே போட்டுத் தந்த கார்கள் நம் சாலைகளில் ஏராளம். கணக்குப் போட்டால் முன்னதன் விட்டம் 619.6 மில்லிமீட்டர், பின்னது 621.5. இரண்டு மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. ஸ்பீடாமீட்டருக்கு அது உறைக்கவே உறைக்காது. ஆயினும் கம்பெனி போட்டால் அது ‘வேரியண்ட்’, நாம் போட்டால் ‘மாடிஃபிகேஷன்’. அதுவே 205/65 ஆர்15 என்று ஆசை பெருத்தால் விட்டம் 647.5 ஆகிறது, நாலரை சதவீதம் கூடுதல். ஸ்பீடாமீட்டர் 100 காட்டும்போது வண்டி 104-ஐத் தாண்டி ஓடும். வீல் பேரிங் போய்விட்டது என்று இவர் கிளைமுக்கு வந்தால், அட்வைசர் டார்ச்சைக்கூட எடுக்கவேண்டியதில்லை.

முன்பம்பருக்கு முன்னால் போடும் இரும்புக் கம்பித் தடுப்பும் புறமே. 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் இதைச் சட்டவிரோத மாற்றம் என்று மாநிலங்களுக்கு எழுதி நடவடிக்கை எடுக்கச் சொன்னது. மோதலின் வேகத்தைக் கம்பி இடையில் வாங்கித் திசைதிருப்பினால் ஏர்பேக் சென்சாரின் கணக்குப் பிசகலாம் என்பது காரணம். ஆனாலும் ஆட்டோ லேசாக உரசியபோது பெயிண்ட்டைக் காப்பாற்றிய கம்பியைக் கழற்ற மனம் வருமா?

இனி அகம். இங்கேதான் பொருள் ஆழமாகிறது.

ஹெட்லைட்டை எடுத்துக்கொள்வோம். வழக்கமான ஹாலஜன் பல்பு 60/55 வாட். கடையில் 100/90 வாட் கிடைக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிரே வருபவரெல்லாம் ஹைபீமிலேயே வருகிறார்கள் என்று கோபித்து, தாமும் எதிரே வருபவராக மாறிவிட முடிவெடுப்பவர் வாங்குவது இது. 12 வோல்ட்டில் 60 வாட் பல்பு 5 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் பல்பு 8 ஆம்பியருக்கு மேல். வயரில் உண்டாகும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே அதே வயர் கிட்டத்தட்ட மூன்று மடங்கு சூட்டைத் தாங்கவேண்டும். ரிலேயும் தடித்த வயரும் தனியே போட்டால் ஆபத்தில்லை. போடாவிட்டால் ஹோல்டர் உருகும், சுவிட்ச் கருகும். இந்தக் கிளைமை நிராகரிப்பவர் நியாயவான். அதே காரில் பின்கதவுக் கண்ணாடி இறங்காமல் நின்றதற்கும் அந்தப் பல்பையே காரணம் காட்டுபவரை நியாயவான் என்று சொல்ல என் ஆய்வு நெறி இடந்தரவில்லை. மின்சாரம் பாவம், அது போகிற பாதையில்தான் போகும்.

சைலன்சர் மாற்றுவோர் ஒரு தனிக் குலம். 2020 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த பிஎஸ்-6 விதிகளுக்குப் பின், கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு ‘சவுண்டு’ மட்டும் வாங்கியவருக்கு, புகைப்பாதையில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரே எதிர்சாட்சி. மீட்டரில் மஞ்சள் விளக்கு எரியும். தெருவே திரும்பிப் பார்த்தது என்று மகிழ்ந்தவரை அந்த விளக்கும் திரும்பிப் பார்க்கிறது.

அகத்தின் உச்சம் ரீமேப். காரின் கம்ப்யூட்டருக்குள் புகுந்து எஞ்சினை இன்னும் கொஞ்சம் துடிப்பாக்குவது. வயர் வெட்டில்லை, டேப்பில்லை, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றிவிட்டால் தடயமே இருக்காது என்பது கோவைப் பக்கத்து இளைஞர்களின் நம்பிக்கை. ஃபோக்ஸ்வேகன் குழுமம் இதற்கென ‘டிடி1’ என்ற குறியீடு வைத்திருக்கிறது. மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டால் அந்தச் சேசிஸ் எண்ணின்மேல் குறியீடு ஏறிவிடும். சாதகத்தில் விழுந்த தோஷமாவது பரிகாரத்துக்குப் போகும் என்பார்கள், இது போகாது. இங்கே நிறுவனத்தின் பக்கம் கொஞ்சம் பௌதிகமும் இருக்கிறது. அவர்களுடைய ஏழு கியர் டிஎஸ்ஜி பெட்டி ஒன்று, டிக்யூ200 என்பது, 250 நியூட்டன் மீட்டர் வரை தாங்கும்படி செய்யப்பட்டது. விர்டஸ், டைகூன் கார்களின் 1.5 லிட்டர் எஞ்சின் கம்பெனியிலிருந்து வரும்போதே சரியாக 250 தருகிறது. விளிம்பில் நிற்பவனை முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு, விழுந்ததற்கு வாரண்டி கேட்கக் கூடாது.

இவ்விரு பிரிவிலும் அடங்காத மாற்றம் ஒன்று உண்டு. அதைச் செய்வது எலி. வயரை வெட்டுவதில் ஜி.பி. ரோட்டுக்கு நிகரான கைத்திறன். கூலி கேட்பதில்லை, டேப் சுற்றுவதுமில்லை. எலி கடித்தது உற்பத்திக் குறையன்று, வெளிக்காரணம் என்று சொல்லி வாரண்டி விலக்கிவிடுகிறது. ஆகவே வயரில் வெட்டைக் கண்டவுடன் அது பல் பட்டதா பிளேயர் பட்டதா என்று நடக்கும் விவாதம், பாடபேத ஆராய்ச்சிக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று. வேடிக்கை என்னவென்றால், எது நிரூபணமானாலும் பணம் உரிமையாளருடையது. வயர் உறையில் சோயா கலந்ததால்தான் எலி விரும்பித் தின்கிறது என்று அமெரிக்காவில் டொயோட்டா மீது வழக்கே நடந்தது. ஹோண்டா அங்கே எலிக்காகவே காரம் தோய்த்த டேப் விற்கிறது, மிளகாயில் இருக்கும் கேப்சைசின் கலந்தது. நம்மவர் பம்பரில் எலுமிச்சையோடு மிளகாயைக் கோத்துத் தொங்கவிட்டதன் அறிவியல் அடிப்படை இதுவே என்று நிறுவ எனக்கு ஆசைதான். இடையில் அந்த எலுமிச்சை வந்து தடுக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்துத் தந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றாதே என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த வழக்கில் அதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி மாற்றியவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ‘மாற்றம் ஒன்றுக்கு’ என்ற இடத்தில் உரை தேவை. நான்கு சக்கரத்தையும் மாற்றியது ஒரு மாற்றமா, நான்கா? ஸ்டெப்னியும் சேர்ந்தால் ஐந்தா?

வாரண்டிக்கு நேராக வரும் தீர்ப்பு வேறிடத்தில் இருக்கிறது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகத்தை வெளியே கிடைக்கவிடாமல் பூட்டிவைத்தது குற்றம். கூடவே ஓர் உத்தரவும் இட்டது: வெளி மெக்கானிக்கிடம் போனார் என்பதற்காகவே ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்துசெய்யும் நிபந்தனை கூடாது, அவர் பார்த்த பிழையான வேலையால் எந்த அளவுக்குச் சேதமோ அந்த அளவுக்குத்தான் மறுக்கலாம். பிறகு வழக்கு மேல்முறையீடு என்று நடந்தது. அமெரிக்காவில் ஏறக்குறைய இதே நியாயத்தை 1975-ஆம் ஆண்டு மேக்னசன்–மாஸ் சட்டம் வைத்திருக்கிறது. ஆணையம் சொன்னது ரிப்பேரைப் பற்றி, ஹார்னைப் பற்றியல்ல என்று ஒரு நல்ல வக்கீல் வாதாடலாம். ஆனால் ஹார்னுக்குப் போய் வக்கீல் வைப்பவர் யார்? ஹார்ன் விலையைவிட அவர் விலை கூடுதல். நூற்பாவின் பலமே அங்கேதான் இருக்கிறது. கிளைம் மறுக்கப்பட்டவர் நுகர்வோர் ஆணையம் வரை நடந்து, எது எதனால் பழுதானது என்று காட்டவேண்டும். மறுத்தவருக்கு ஒரு போட்டோ போதும்.

விதிவிலக்கே இல்லாத வாரண்டி எங்கும் இல்லையா என்று கேட்கலாம். சென்னை பல்லவன் சாலையில் பாடிகார்ட் முனீஸ்வரன் கோயில் இருக்கிறது. புது வண்டிகள் வரிசைகட்டி நின்று மாலை போட்டுக்கொண்டு போகும். ஒரிஜினல் ஹார்னா, வெளியில் போட்டதா என்று அங்கே யாரும் விசாரிப்பதில்லை. கிலோமீட்டர் வரம்பும் கிடையாது. பணம் திரும்பத் தருவதும் கிடையாது என்பது வேறு விஷயம்.

கடைசியாக ஒரு சடங்கு. சர்வீஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் தமிழகமெங்கும் நடப்பது. வெளியில் போட்ட ஹார்ன், கூடுதல் விளக்கு, பெரிய ஸ்டீரியோ எல்லாம் கழற்றப்பட்டு, பரணிலிருந்து கம்பெனி உருப்படிகள் இறங்கும். “அண்ணே, கழட்டுன ஸ்டாக் பீஸைத் தூக்கிப் போட்டுறாதீங்க” என்று எலக்ட்ரீஷியன் அன்றே சொல்லிவைத்தது இதற்காகத்தான். மறுநாள் வண்டி கன்னிமை குலையாத தோற்றத்தோடு போய் நிற்கும். உரிமையாளர் முகத்திலும் அதே தோற்றம். அட்வைசர் டேப்லெட்டைப் பார்ப்பார், வண்டியைப் பார்ப்பார், மறுபடி டேப்லெட்டைப் பார்ப்பார். அதில் போன சர்வீஸின்போது வண்டியைச் சுற்றி எடுத்த போட்டோக்கள் இருக்கின்றன.

“சார், போன தடவை முன்னாடி ரெண்டு ஹார்ன் இருந்துச்சே, காணோம்?”

“அது… வந்து…”

“திருடு போயிடுச்சுன்னா இப்பவே ஜாப் கார்டுல எழுதிடலாம் சார். அப்புறம் எங்க பசங்கதான் கழட்டிட்டாங்கன்னு வந்து நிப்பீங்க.”