ஏரிக்கரை ஏஞ்சல்

ஆவடி பருத்திப்பட்டு ஏரிப் பூங்காவில் காலையில் நடப்பவர்கள் இரண்டு வகை. ஒரு வகை, சர்க்கரையைக் குறைக்க நடப்பவர்கள். இன்னொரு வகை, நாட்டைத் திருத்த நடப்பவர். இரண்டாவது வகையில் ஒரே ஆள்தான். ஆனால் கரை முழுக்க அவர் குரல்தான் கேட்கும். மே மாத வெயிலிலும் கையில்லாத ஜாக்கெட் போட்டிருப்பார். அதை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

ஒரு காலத்தில் சாஃப்ட்வேர் கம்பெனி நடத்தினார். பெங்களூர்க்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். என்ன விலைக்கு என்று கேட்டால் ஏரியைப் பார்ப்பார். இப்போது தொழில், புதுக் கம்பெனிகளில் பணம் போடும் ஏஞ்சல் முதலீடு; முழுநேர வேலை, கருத்து.

ஃப்ரெஷ்வொர்க்ஸ் நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் அவருக்கு வெறும் 'கிரீஷ்'. ஜோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு, 'நம்ம ஸ்ரீதர்'. 2021 செப்டம்பரில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் நாஸ்டாக்கில் பட்டியலானபோது அபார்ட்மெண்ட் முழுக்க லட்டு கொடுத்தார். கம்பெனியில் அவருக்குப் பங்கு கிடையாது, பெருமையில் உண்டு. வேம்பு தென்காசிப் பக்கம் மத்தளம்பாறைக்குக் குடிபோனதும், "எதிர்காலம் கிராமத்தில்தான்" என்று ஒன்பதாவது மாடியிலிருந்து லிங்க்ட்இன்னில் எழுதினார்.

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1960-களிலிருந்து டாங்கி செய்கிறது. விஜயந்தா, அஜேயா, அர்ஜுன் எல்லாம் இங்கிருந்து உருண்டு போனவை. "இரும்பெல்லாம் முடிஞ்ச கதை. இனி சாஃப்ட்வேர்தான் உலகத்தையே தின்னப்போகுது" என்று வருஷக்கணக்காகச் சொல்லிவந்தார். அமெரிக்க முதலீட்டாளர் மார்க் ஆண்ட்ரீசன் 2011-இல் எழுதியது அது; இவர் வாயில் வரும்போது இவருடையதாகிவிடும். பிறகு ராணுவத் தளவாட ஸ்டார்ட்அப்களுக்குப் பணம் பாய ஆரம்பித்தது. ஒன்றில் இவரும் போட்டார். மறுநாளே, "நான் அப்பவே சொன்னேன், ஆவடிதான் எதிர்காலம்" என்றார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரிட்டயர்டு ஃபிட்டர் நிமிர்ந்து பார்த்தார். பாவம், முப்பது வருஷம் எதிர்காலத்தில் வேலை பார்த்தது அவருக்கே தெரியாமல் போயிருக்கிறது!

பூங்காவை விட்டு வெளியே வந்தால் டீக்கடை. மாஸ்டர் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சார், இன்னொரு கடை போடலாம்னு இருக்கேன். ஒரு ரெண்டு லட்சம்..."

"லாபம் வருதா?"

"வருது சார்."

"எப்பத்துலேர்ந்து?"

"மொத மாசத்துலேர்ந்தே."

"அப்ப உங்களுக்கு லட்சியம் பத்தலை மாஸ்டர்."

அதே வாரம், வீட்டுக்கு வீடு டீ கொண்டுபோகும் ஆப் ஒன்றில் இருபது லட்சம் போட்டார். அது இன்னும் நஷ்டத்தில்தான் ஓடுகிறது. "ஆரோக்கியமான நஷ்டம்" என்கிறார்.

ஆள் கெட்டவர் இல்லை. படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் "தொழில் தொடங்கு, தோத்தா பரவாயில்லை" என்று சொல்ல ஊருக்கு ஒருவர் வேண்டும். நம் வீடுகளில் அதைச் சொல்ல ஆள் இல்லை. அதனால் அவர் பேசினால் கேளுங்கள். சட்டமோ, பள்ளிக்கூடமோ, சாக்கடையோ, எதைப் பற்றிப் பேசினாலும் கேளுங்கள். கேட்டு முடித்ததும், "இதுல உங்க பணம் எவ்வளவு இருக்கு சார்?" என்று மட்டும் விசாரித்துவிடுங்கள். கருத்தின் எடை அப்போதுதான் தெரியும்.