சைடு ஸ்டாண்டை எடுங்க, சார்!

கே: நிற்கிற பைக்கைப் படமெடுத்து போட்டோஷாப்பில் ஓட வைக்க முடியுமா?

ப: தாராளமாக. பெட்ரோல்கூட வேண்டாம். ஃபில்டர் மெனுவில் ப்ளர், அதற்குள் மோஷன் ப்ளர். ஆங்கிள் திசையைச் சொல்லும், டிஸ்டன்ஸ் வேகத்தைச் சொல்லும். அதற்கு முன்னால் படத்திலிருந்து சைடு ஸ்டாண்டை அழித்துவிடுங்கள்!

கே: டிஸ்டன்ஸ் எத்தனை பிக்சல் வைக்கலாம்?

ப: படத்தின் அகலத்தைச் சொல்லாமல் கேட்டால் எப்படி? 6000 பிக்சல் அகலப் படத்தில் 40 வைத்தால் பைக் இன்னும் கிக்கர் உதைத்துக்கொண்டிருக்கும். 800 பிக்சல் படத்தில் அதே 40, அடுத்த ஊர் தாண்டிவிடும்.

கே: பின்னணியை மட்டும்தான் கலைத்தேன். சிவப்பு பைக்கைச் சுற்றி ஒரு சிவப்புப் புகை வருகிறதே?

ப: பெயின்ட் ஒழுகுகிறது! நீங்கள் கலைத்த பின்னணி லேயருக்குள்ளும் அதே பைக் உட்கார்ந்திருக்கிறது; இழுத்ததும் அதன் நிறமும் சேர்ந்து இழுபட்டுவிட்டது.

முதலில் பைக்கைத் தனி லேயராக நகலெடுங்கள். அடி லேயரில், செலக்‌ஷனைக் கொஞ்சம் விரித்து, கன்டென்ட்-அவேர் ஃபில் போட்டு பைக்கைத் துடைத்துவிடுங்கள். அந்த இடத்தில் ரோடும் மரமும் அரைகுறையாகத்தான் நிரம்பும், கவலை வேண்டாம். எப்படியும் கலைக்கப்போகிற இடம்தானே? பிறகு அந்த லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கிவிட்டு ப்ளர் கொடுங்கள். நாளைக்கு மனசு மாறினாலும் அளவைத் திருத்தலாம்.

நிழலையும் பைக்கோடு சேர்த்தே வெட்டுங்கள். நிழலை வீட்டில் விட்டுவிட்டு எந்த வண்டியும் கிளம்பாது.

கே: அதையும் செய்தாயிற்று. இன்னும் பொம்மை வண்டி மாதிரியே இருக்கிறது.

ப: சக்கரத்தைப் பாருங்கள். ஸ்போக்ஸை ஒவ்வொன்றாக எண்ண முடிகிறதா? மாட்டிக்கொண்டீர்கள். 2014-ல் போட்டோஷாப்புக்கு வந்த ஸ்பின் ப்ளர் இதற்குத்தான். சாய்வாகத் தெரியும் சக்கரம் நீள்வட்டமாக இருக்கும். ஸ்பின் ப்ளரின் வளையத்தையும் அப்படியே அமுக்கிப் பொருத்தலாம். பழைய ரேடியல் ப்ளருக்கு அந்த நெளிவு சுளிவு தெரியாது.

ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸ் 1650-களில் நூற்கும் பெண்களை வரைந்தார். ராட்டையின் ஆரக்கால்களை வரையாமல் வெறும் வெளிச்சச் சுழலாகத் தீட்டிவிட்டார். இன்றும் மாட்ரிட்டின் பிராடோ மியூசியத்தில் அது சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. கேமராவே பிறக்காத காலம், ஐயா!

கே: போட்டோஷாப்புக்குக் காசில்லை.

ப: கிம்ப் இருக்கிறது, இலவசம். நேர்கோடு, சுழற்சி, ஜூம் என மோஷன் ப்ளர் மூன்று தினுசில் உண்டு. இனி வேறு சாக்கு தேடுங்கள்.

கே: பின்னணி முழுவதும் ஒரே அளவில் கலையலாமா?

ப: நல்ல கேள்வி, ஒரு சபாஷ்! ரோட்டோரம் நின்று கேமராவைத் திருப்பி எடுத்த படமென்றால், பக்கத்து வேலியும் தூரத்து மலையும் ஒரே அளவில்தான் கலையும். ஓடும் ரயிலின் ஜன்னல் வழியே எடுத்ததென்றால் வேலி விர்ரென்று பறக்கும், மலை அசையாது. அந்தப் படத்துக்கு மாஸ்க்கில் கிரேடியன்ட் போட்டு, மேலே போகப்போக ப்ளரைக் குறையுங்கள். மலையை ஓட வைப்பது அனுமார் வேலை.

கே: கேமராவிலேயே இதை எடுக்க முடியாதா?

ப: முடியும், பேனிங் என்பார்கள். ஷட்டரை 1/30 நொடியில் வைத்து வண்டியோடு இடுப்பைத் திருப்புங்கள். கிளிக் ஆன பிறகும், பந்தை விட்ட பௌலரின் கை மாதிரி, திருப்பம் தொடர வேண்டும். ஒரு சாயங்காலம் இதைப் பழகியவருக்குத்தான் நிஜக் கலங்கல் எப்படியிருக்கும் என்று தெரியும். எனக்கு இதுதான் பிடிக்கும்.

கே: தேரோட்டப் படத்தில் கொஞ்சம் வேகம் சேர்த்துப் பத்திரிகைக்கு அனுப்பலாமா?

ப: கூடவே கூடாது. போஸ்டரில் பறக்க விடுங்கள். செய்திப் படத்தில் கை வைத்தால் அது பொய். தேர் அசைந்துதான் வரும், அதுதான் அதற்கு அழகு!

கே: கலங்கல் அளவுக்கு மீறினால்?

ப: ஆளே காணாமல் போவார். 1838-ல் பாரிஸின் பரபரப்பான தெரு ஒன்றைப் புகைப்பட முன்னோடி டாகேர் படமெடுத்தார். எக்ஸ்போஷர் பல நிமிடம். நடமாடிய கூட்டமும் வண்டிகளும் சுத்தமாக மறைந்தன. காலணிக்குப் பாலிஷ் போட நின்றவரோ பதிந்துவிட்டார். பாலிஷ் போட்டே சரித்திரத்தில் ஏறிய மனிதர்!

கே: கை நடுங்கி எடுத்த கல்யாணப் படத்தை ‘மோஷன் எஃபெக்ட்’ என்று சொல்லித் தப்பிக்கலாமா?

ப: ஒரு முகமாவது பளிச்சென்று இருந்தால் தப்பிக்கலாம். மாப்பிள்ளை, பொண்ணு, நாதஸ்வரம் எல்லாமே கலங்கியிருந்தால், பெண் வீட்டார் பாக்கிப் பணத்தில் ஸ்லோ மோஷன் காட்டுவார்கள்.